ஒரு செய்தி எட்டாத முப்பது கிலோமீட்டர்

1995ஆம் ஆண்டு ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. ஜப்பானின் துறைமுக நகரமான கோபே இன்னும் உறக்கத்தில் இருந்தது. ஏறத்தாழ இருபது நொடிகளே நிலம் அதிர்ந்தது. அதற்குள், கனத்த ஓட்டுக் கூரைகளைத் தாங்கி நின்ற பழைய மர வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது சரிந்தன. அந்த நிலநடுக்கம் மொத்தம் 6,434 உயிர்களைப் பறித்தது.

இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரை வெளியே கொணர்ந்தவர்கள் அவர்தம் குடும்பத்தினரும் அண்டை வீட்டாருமே. உத்தரத்தின் அடியில் பல மணி நேரம் கால் சிக்கிக் கிடந்த ஒருவரைத் தூக்கி எடுக்கும்போது, அவர் பெரும்பாலும் தெளிவாகவே பேசுவார், தண்ணீர் கேட்பார், வீட்டாரைப் பற்றி விசாரிப்பார். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் மகிழ்வர். சிறுநீரக மருத்துவர்களாகிய நாங்கள் அஞ்சுவது அந்த நேரத்தைத்தான். பாரம் அகன்றதும், நசுங்கிய தசையில் தேங்கியிருந்த பொட்டாசியமும் தசைப் புரதமும் குருதியில் கலக்கின்றன. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். தசைப் புரதமோ சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். மருத்துவத்தில் இதற்குக் 'கிரஷ் சிண்ட்ரோம்' என்று பெயர்.

இடிபாட்டிலிருந்து விடுவிக்கும் முன்பே சிரை வழியாக உப்புநீர் செலுத்தத் தொடங்கி, தேவைப்படும்போது டயாலிசிஸும் செய்தால் இவர்களில் பலர் பிழைப்பர். பெரும்பாலோரின் சிறுநீரகங்கள் சில வாரங்களில் மீண்டும் இயங்கத் தொடங்கும். கோபே பகுதியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருந்த 95 மருத்துவமனைகளில் முதல் 15 நாள்களில் சேர்க்கப்பட்ட 6,107 நோயாளிகளின் பதிவுகளை ஜப்பானிய மருத்துவர்கள் பின்னர் ஆராய்ந்தனர். அவர்களுள் 372 பேருக்குக் கிரஷ் சிண்ட்ரோம் இருந்தது. அந்த 372 பேரில் 50 பேர் இறந்தனர்.

ஒருவருக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்வதற்கு ஏறத்தாழ 120 லிட்டர் தூய நீர் தேவை. கோபேயில் நிலத்தடிக் குழாய்கள் உடைந்து நீர்வழங்கல் நின்றுபோயிருந்தது. கட்டடம் நின்றது; இயந்திரம் இருந்தது; மருத்துவர் இருந்தார்; நீர் இல்லை. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கிழக்கே உள்ள ஒசாகா மாநகரிலோ மின்சாரமும் நீரும் இருந்தன, படுக்கைகளும் இருந்தன. இருந்தும், நிலநடுக்கம் நிகழ்ந்த அந்த நாளில் ஹெலிகாப்டர் மூலம் வெளியே கொண்டுசெல்லப்பட்ட நோயாளி ஒரே ஒருவர்தாம். வழக்கமான நாள்களில் கிடைக்கும் அவசர சிகிச்சை அன்றும் கிடைத்திருந்தால் ஏறத்தாழ 500 பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிற்காலத்தில் ஜப்பானிய மருத்துவ உலகம் மதிப்பிட்டது.

சாலைகள் இடிந்ததும் வாகனங்கள் நெரிந்ததும் இதற்குக் காரணங்களே. ஆயினும் ஹெலிகாப்டருக்குச் சாலை தேவையில்லை. அதற்குத் தேவைப்பட்டது ஒரு செய்தி: எங்கே, எத்தனை பேர், என்ன நிலையில் இருக்கிறார்கள் என்னும் செய்தி. அச்செய்தி முப்பது கிலோமீட்டரைக் கடக்கவில்லை. சில மருத்துவமனைகள் நடைக்கூடம் வரை நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது, அதிகத் தொலைவில்லாத வேறு சில மருத்துவமனைகள் சில நோயாளிகளையே பெற்றன. ஒன்றின் நிலை மற்றொன்றுக்குத் தெரியாது.

மீட்புப் பணியென்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன கடப்பாரையும் ஆம்புலன்ஸும் மருந்துப் பெட்டியும்தாம். அவை யாவும் சரியான இடத்திற்குச் சென்று சேர்வதற்குத் தொலைத்தொடர்பு வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நோயாளிகளும் குடும்பத்தாரும் இதனை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இந்தத் தொலைத்தொடர்பைக் காப்பதிலும் கெடுப்பதிலும் நம் ஒவ்வொருவர் கைக்கும் பங்கு இருக்கிறது.

தொலைபேசி ஏன் ஊமையாகிறது?

பேரிடரில் தொலைபேசி மூன்று வகையில் செயலிழக்கிறது.

முதலாவது, உடைதல். கம்பிகள் அறுகின்றன, கம்பங்கள் சாய்கின்றன, இணைப்பகங்கள் சேதமடைகின்றன.

இரண்டாவது, மின்சாரம் போதல். கோபேயில் இணைப்பகங்களின் மின்வழங்கல் கெட்டதால் மட்டும் ஏறத்தாழ 2,85,000 தொலைபேசி இணைப்புகள் செயலிழந்தன. அம்மாவட்ட அரசு, பேரிடர் காலத்திற்கென்றே செயற்கைக்கோள் வழித் தொடர்பு ஒன்றை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தது. மின்சாரம் நின்றதும் அதற்கான ஜெனரேட்டர் இயங்க வேண்டும். ஆனால் அதனைக் குளிர்விக்கும் அமைப்பு நிலநடுக்கத்தில் பழுதடைந்ததால் ஜெனரேட்டர் நின்றது. அதனுடன் தொடர்பும் நின்றது. விண்ணில் இருந்த செயற்கைக்கோளுக்கு ஒரு குறையும் இல்லை; மண்ணில் இருந்த குளிர்விப்பு அமைப்பே குறை.

மூன்றாவது, நெரிசல். எந்தத் தொலைபேசி வலையமைப்பும் எல்லாச் சந்தாதாரரும் ஒரே நேரத்தில் பேசுவதற்காக அமைக்கப்படுவதில்லை. ஒரு தெருவில் உள்ள அனைவரும் ஒரே நொடியில் வாசலுக்கு வந்தால் தெரு கொள்ளாததைப் போன்றதே இது. அன்று ஜப்பான் முழுவதிலுமிருந்து கோபேயை நோக்கி வந்த அழைப்புகள், உச்ச நேரத்தில், வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்காகப் பெருகின. அவற்றில் பெரும்பாலானவை அன்பால் எழுந்த அழைப்புகளாகவே இருந்திருக்கும். 'அம்மா நலமா?', 'தம்பி பிழைத்தானா?' என்பவையே அவை. ஆம்புலன்ஸைக் கேட்கும் மருத்துவரின் அழைப்பும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றது.

ஜப்பானில் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு முன்னுரிமைத் தொலைபேசி இணைப்புகள் உண்டு. நெரிசலிலும் அவற்றிலிருந்து புறப்படும் அழைப்புக்கு வழிவிடப்படும். எனினும் அந்த முன்னுரிமை வெளியே செல்லும் அழைப்புக்கு மட்டுமே உரியது. அதே எண்ணுக்கு உறவினர்கள் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தால், மருத்துவரால் அதனைப் பயன்படுத்த இயலாது.

மீட்புப் பணியாளர்க்கு வேண்டியவை

முதல் தேவை, ஒருவர் பேசப் பலர் கேட்கும் வசதி. தொலைபேசியில் ஒருவர் ஒருவரோடு மட்டுமே பேச முடியும். வாக்கி டாக்கி போன்ற வானொலிக் கருவியில் ஒருவர் சொல்வதைக் களத்தில் உள்ள குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் கேட்பர். 'மேற்குச் சுவர் சரிகிறது, வெளியேறுங்கள்' என்பதைத் தனித்தனியாக இருபது பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

இரண்டாம் தேவை, பொதுவான அலைவரிசை. காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், இராணுவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவியும் தனித்தனி அலைவரிசையும் இருப்பது இயல்பு. ஒரே இடிபாட்டின் இருபுறமும் நிற்கும் இரு குழுவினர் ஒருவரையொருவர் கேட்க முடியாத நிலை இதனால் உண்டாகிறது. எந்த அலைவரிசையில் அனைவரும் சேர்ந்து பேசுவது என்பதை நிலம் அதிர்வதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

மூன்றாம் தேவை, மின்சாரம். கருவி எத்துணைச் சிறந்ததாயினும் மின்கலம் தீர்ந்தால் அது வெறும் பெட்டியே. மாற்று மின்கலங்கள், ஜெனரேட்டர், அதற்கான டீசல், குளிர்விப்பு அமைப்பு ஆகிய யாவும் தொலைத்தொடர்பின் உறுப்புகளே.

நான்காம் தேவை, முழுமையான செய்தி. 'பலர் காயம், உடனே உதவி தேவை' என்னும் செய்தியைக் கொண்டு தொலைவில் உள்ள மருத்துவமனை எதனையும் ஆயத்தம் செய்ய முடியாது. 'வளர்ந்தோர் நால்வர், கால்கள் நசுங்கியுள்ளன, ஆறு மணி நேரம் சிக்கியிருந்தனர், சிறுநீர் கறுத்துள்ளது, டயாலிசிஸ் தேவைப்படும், எங்களிடம் நீர் இல்லை' என்று சொன்னால், கேட்பவர் உடனே நான்கு இயந்திரங்களை ஆயத்தம் செய்யத் தொடங்குவார். இரண்டாம் செய்தியைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்திற்குத்தான் இணைப்பு வேண்டியிருக்கிறது.

கோபேக்குப் பின்

ஜப்பான் அந்தத் துயரத்திலிருந்து கற்றுக்கொண்டது. 1996ஆம் ஆண்டிலேயே பேரிடர்க் கால மருத்துவமனைகளைத் தனியாகத் தெரிவு செய்யும் முறையும், எந்த மருத்துவமனை இயங்குகிறது, எதற்கு உதவி தேவை என்பதைக் கணினி வழியே பகிர்ந்துகொள்ளும் முறையும் தொடங்கின. 2005ஆம் ஆண்டில் பேரிடர் மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நிகழ்ந்த சில மணி நேரத்தில் புறப்பட்டுச் செல்லும் பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர் முதலானோர் அக்குழுக்களில் உள்ளனர்.

பொதுமக்களுக்காகவும் ஓர் ஏற்பாடு வந்தது. 1998ஆம் ஆண்டு முதல், பேரிடர்க் காலத்தில் 171 என்னும் எண்ணை அழைத்துத் தம் வீட்டுத் தொலைபேசி எண்ணின் பெயரில் சில நொடிகளுக்குக் குரல் செய்தியைப் பதிந்துவைக்கலாம். உறவினர்கள் அதே எண்ணைச் சுழற்றி அதனைக் கேட்டுக்கொள்ளலாம். அச்செய்திகள் பாதிப்புக்கு அப்பாற்பட்ட இடங்களில் சேமிக்கப்படுவதால், இடருற்ற நகரின் இணைப்புகள் மீது சுமை ஏறுவதில்லை. அன்பை வெளிப்படுத்தத் தடையில்லை. அது ஆம்புலன்ஸின் வழியை அடைக்காமல் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, 9.0 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கியபோது இவை யாவும் சோதனைக்கு உள்ளாயின. ஏறத்தாழ 29,000 கைபேசி நிலையங்கள் செயலிழந்தன. பலவற்றை அலை அடித்துச் சென்றது. வேறு பல நிலையங்கள் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்று, மின்சாரம் இன்றி மின்கலம் தீரத் தீர ஒவ்வொன்றாக அடங்கின. நெரிசலைத் தவிர்க்கக் கைபேசி நிறுவனங்கள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை தடுத்து நிறுத்த நேர்ந்தது. ஆனால் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் செல்லும் தரவு வழியில் தடை அறவே இல்லை, அல்லது 30 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை. ஒரு குரல் அழைப்பு, பேசி முடியும் வரை வழியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு குறுஞ்செய்தியோ கிடைத்த இடைவெளியில் நுழைந்து சென்றுவிடும். வழி இல்லையெனில் சற்றுக் காத்திருந்து செல்லும். பேரிடரில் செய்தி அனுப்புங்கள், அழைக்காதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே.

அந்நாள்களில் ஃபுக்குஷிமா மாவட்டத்தின் இவாக்கி நகரில் நீரும் எரிபொருளும் தட்டுப்பட்டன. அணு உலை விபத்தும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்த ஏறத்தாழ 700 டயாலிசிஸ் நோயாளிகள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு டோக்கியோ, நீகாத்தா, சிபா ஆகிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வாரம் மும்முறை சிகிச்சை தேவைப்படுவோர் 700 பேரை இடம்பெயர்ப்பது எளிய செயலன்று. எவருக்கு எங்கே இடம் உண்டு என்பதைக் கேட்டும் சொல்லியும் இணைத்த மருத்துவர்கள் இல்லையெனில் அப்பயணமே நிகழ்ந்திராது. 1995இல் முப்பது கிலோமீட்டரைக் கடக்காத செய்தி, 2011இல் இருநூறு கிலோமீட்டரைக் கடந்தது.

அந்தமானில் ஒலித்த குரல்

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே எழுந்த நிலநடுக்கமும் சுனாமியும் தமிழகக் கரையை அடைவதற்கு முன்னரே அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கின. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அந்த நேரத்தில் பாரதி பிரசாத் என்னும் ஹாம் வானொலி இயக்குநர், தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம் ஆர்வலர்களோடு தொடர்புகொள்வதற்காகவே அவர்கள் அங்கு வந்திருந்தனர். நிலம் அதிர்ந்தபின் அந்தப் பொழுதுபோக்குக் கருவியே தீவுகளையும் பெருநிலத்தையும் இணைக்கும் வழியாயிற்று. உயிர்பிழைத்தோரின் செய்திகள் அதன் வழியே உறவினர்களை அடைந்தன. ஹாம் வானொலிக்குக் கோபுரமோ இணைப்பகமோ தேவையில்லை. ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு மின்கலம், பயிற்சி பெற்ற ஒருவர் போதும்.

நிலநடுக்கம் நமக்கு அரிது என்று சிலர் எண்ணலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரம் நின்று, கோபுரங்களுக்கு டீசல் சேராமல், கைபேசிகள் ஊமையானதை நம்மில் பலர் நேரில் கண்டோம். இடர் எதுவாயினும் தொலைத்தொடர்பு அறுபடும் விதம் ஒன்றே.

நம் பங்கு

இடர் நேரும்போது மருத்துவமனையில் பணியில் இருக்கும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. எங்கள் கையும் முதலில் கைபேசியைத்தான் தேடும். ஆதலால் கீழே கூறுவன உங்களுக்கு மட்டுமன்று, எங்களுக்கும் உரியவை.

குடும்பத்தில் அனைவரும் தொடர்புகொள்வதற்கென்று வெளியூரில் உள்ள உறவினர் ஒருவரை இன்றே தெரிவு செய்துகொள்ளுங்கள். இடர் நேர்ந்தால் ஒவ்வொருவரும் அவருக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்: 'நலம், இன்ன இடத்தில் இருக்கிறேன்.' மற்றவர்கள் அவரிடமிருந்து அறிந்துகொள்ளலாம். இருபது அழைப்புகள் செய்யும் வேலையை இரண்டு செய்திகள் செய்துவிடும்.

உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காமல் 108 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அந்த எண்கள் இருப்பதே அதற்காகத்தான். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்; பிறகு எத்தனை பேர், என்ன பாதிப்பு என்று சொல்லுங்கள். இணைப்பு எந்த நொடியிலும் அறுபடலாம். இடம் தெரிந்துவிட்டால் எஞ்சியதை வந்து பார்த்து அறிந்துகொள்ள முடியும். நலம் விசாரிப்பதற்காக மட்டும் மருத்துவமனையின் எண்ணை அழைக்க வேண்டாம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு தாளைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருங்கள். உங்கள் பெயர், குருதி வகை, டயாலிசிஸ் செய்யும் நாள்கள், உலர் எடை, எந்தக் கையில் ஃபிஸ்டுலா உள்ளது, மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனைகளின் முடிவு, உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை, உறவினரின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். கணினி இயங்காத நாளில், உங்களை முன்பின் அறியாத மருத்துவரிடம் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான். அதற்கு மின்கலம் தேவையில்லை.

சிகிச்சை தள்ளிப்போகக்கூடும் என்று தெரிந்தவுடன் நீரையும் உப்பையும் பொட்டாசியம் மிகுந்த உணவுகளையும் குறைத்துவிடுங்கள். இடர்க் காலத்தில் நல்ல மனத்தோடு முதலில் நீட்டப்படுவன இளநீரும் வாழைப்பழமுமே. மற்றவர்க்கு அவை நல்லுணவு; டயாலிசிஸ் நோயாளிக்கு நஞ்சாகக்கூடும். உடனிருந்து பராமரிப்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். நிவாரணப் பொட்டலங்களில் வரும் ஊறுகாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இடிபாட்டுக்குள் நெடுநேரம் கை கால் நசுங்கியிருந்த எவரையும், அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள். 'எத்தனை மணி நேரம் சிக்கியிருந்தார்' என்பதை மீட்போரிடமும் மருத்துவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. கோபேயில் செய்தி ஊடகங்களின் ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்தன. அவற்றின் இரைச்சலில் இடிபாட்டுக்குள்ளிருந்து எழுந்த மெல்லிய குரல்கள் மீட்போர் செவிக்கு எட்டவில்லை என்ற குறை பின்னர் எழுந்தது. இன்று மீட்புக் குழுக்கள் அவ்வப்போது வேலையை நிறுத்தி, இயந்திரங்களை அணைத்து, அனைவரையும் அமைதி காக்கச் சொல்கின்றன. அந்தச் சில நிமிடங்களில் ஒரு தட்டல் ஒலி கேட்டால் ஓர் உயிர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தொலைபேசி இணைப்புகளிலும் அத்தகைய அமைதி தேவைப்படுகிறது. நம் கவலையை ஒரு வரிச் செய்தியில் அடக்கிக்கொண்டு நாம் காத்திருக்கும் அந்த நேரத்தில், எங்கோ ஒரு மருத்துவரின் குரல் இன்னொரு மருத்துவமனையைச் சென்றடையும்.

அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது அந்தத் தாளை எழுதிக்கொண்டு வாருங்கள். அதில் உள்ளவை சரியா என்று நாம் சேர்ந்து பார்ப்போம்.